ஏற்காடு ஏறுறதுக்கு முன்னாடி ஆயில் குச்சிய இழுத்துப் பாருங்க: இன்ஜின் சீஸ் ஆகாம காப்பாத்துற முழு வழிகாட்டி

சேலத்துல கோரிமேடு பக்கம் இருந்து ஏற்காடு ட்ரிப் ஓட்டுறவன் நான். வாடகை வண்டி ரெண்டு இருக்கு. ஆயில் இல்லாம ஒரு இன்ஜின நானே சாகடிச்சிருக்கேன், அதுக்கப்புறம் மலை ரோட்டுல பேனட்ட தூக்கி வச்சுட்டு முழிச்சுக்கிட்டு நிக்கிற எத்தனையோ பேர்கிட்ட நின்னு பாத்திருக்கேன். எல்லாரும் பண்றது அதே நாலஞ்சு தப்பு. செய்ற வேலை எல்லாம் சரியாத்தான் இருக்கும், வரிசை மாறிடும், அங்கதான் ஐநூறு ரூபா ஆயிலோட போக வேண்டியது அரை லட்சத்துல போய் நிக்கும்.

1. சிவப்பு லைட்டு எதுக்கு எரியுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க

டேஷ்போர்டுல எண்ணெய் கெண்டி மாதிரி ஒரு படம், மூக்குல ஒரு சொட்டு. அது சிவப்பா எரிஞ்சா ஆயில் கம்மின்னு அர்த்தம்னு நினைக்கிறாங்க. அது அளவு லைட்டு இல்லைங்க, பிரஷர் லைட்டு. ஆயில் பம்பு தள்ளுற அழுத்தம் அரை பாருக்கும் (பார்ங்கிறது அழுத்தத்த அளக்குற அலகு) கீழ விழுந்தாதான் பெரும்பாலான வண்டியில அது எரியும். அதாவது லைட்டு எரியும்போது ஆயில் குறைய ஆரம்பிச்சு பல நாள் கூட ஆயிருக்கலாம், இப்ப பேரிங்குக்கு (சுத்துற தண்ட தாங்குற உலோக ஓடு) ஆயில் போகலைன்னுதான் அது சொல்லுது. மஞ்சள் கலர்ல எரியுற ஆயில் லைட்டு சில வண்டியில இருக்கு, அதுதான் அளவு காட்டுறது, அதுக்கு கொஞ்சம் டைம் இருக்கு. சிவப்புக்கு டைமே கிடையாது.

ஏன் இவ்வளவு அவசரம்? கிராங்குக்கும் (இன்ஜினுக்குள்ள சுத்துற முக்கிய தண்டு) பேரிங்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி தலைமுடிய விட மெல்லிசு. அந்த இடைவெளியில பிரஷரோட வர்ற ஆயில் படலத்து மேலதான் கிராங்கு மிதந்துக்கிட்டு சுத்துது. படலம் அறுந்தா இரும்பும் இரும்பும் உரசும், சூடு ஏறும், பேரிங் உருகி கிராங்க புடிச்சுக்கும். இதத்தான் சீஸ் ஆயிடுச்சுங்குறாங்க. டர்போ வண்டின்னா டர்போ பேரிங்கும் கூடவே போகும்.

இன்னொண்ணு, சாவிய ஆன் பண்ணி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த சிவப்பு லைட்டு எரியணும், ஸ்டார்ட் ஆனதும் ரெண்டு மூணு செகண்டுல அணையணும். ஆன் பண்ணும்போதே எரியலைன்னா பல்பு போயிருக்கு இல்ல ஒயர் கழண்டிருக்கு. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குறவங்க இத கண்டிப்பா பாருங்க, லைட்டு எரியுதேன்னு ஒயரையே உருவி விட்டுட்டு வித்த வண்டிய நான் கண்ணால பாத்திருக்கேன்.

2. டிக்கியில என்னென்ன இருக்கணும்

உங்க வண்டி மேனுவல்ல போட்டிருக்கிற அதே கிரேடு ஆயில் ஒரு லிட்டர் சீல் உடைக்காம. ஒரு புனல். ரெண்டு பழைய பனியன் துணி (காட்டன் வேஸ்ட் வேணாம், நூல் நூலா பிரிஞ்சு, ஆயில் அளவு பாக்குற குச்சியில (டிப்ஸ்டிக்) ஒட்டிக்கிட்டு உள்ள போகும்). டார்ச். சக்கரத்துக்கு முட்டுக் குடுக்க ரெண்டு மரக்கட்டை. முக்கோண ரிஃப்ளெக்டர்.

கிரேடு விஷயத்துல கடைக்காரர் சொல்றத மட்டும் கேக்காதீங்க. கிரேடுங்கிறது ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்ற குறியீடு. 5டபிள்யூ-30 கேக்குற வண்டிக்கு "நம்மூரு வெயிலுக்கு கெட்டியா இருக்கட்டும்"னு 20டபிள்யூ-40 ஊத்தி விடுவாங்க. இப்ப வர்ற இன்ஜின்ல ஆயில் போற வழி எல்லாம் சின்னது, கெட்டி ஆயில் காலையில மேல ஏறிப் போய்ச் சேர நேரமாகும், தேய்மானம் நிறைய நடக்குறது அந்த நேரத்துலதான். பிஎஸ்6 டீசலா இருந்தா டிபிஎஃப்-க்கு (புகையில வர்ற கரிய பிடிக்கிற ஃபில்டர்) ஒத்துக்கிற ஆயிலான்னு டப்பாவுல படிச்சுப் பாத்து வாங்குங்க.

3. அளவு பாக்குறது: வீட்டு வாசல்ல, காலையில

இத அடிவாரத்துல டீக்கடை முன்னாடி நிறுத்தி பாக்குறவங்கதான் அதிகம். அங்க ரோடே சாய்வு, வண்டி இப்பத்தான் ஓடி வந்திருக்கு, ஆயில் கொஞ்சம் இன்னும் மேல ஹெட்டுல (இன்ஜினோட மேல் பாகம்) நிக்கும். குச்சி தப்பாத்தான் காட்டும். ராத்திரி பூரா நின்ன வண்டியில ஆயில் முழுசா கீழ சம்புக்கு (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) இறங்கி இருக்கும், அதனால காலையில கிளம்புறதுக்கு முன்னாடி பாருங்க. சில வண்டி மேனுவல் இன்ஜின் சூடானப்புறம் பாக்கச் சொல்லும், அப்படின்னா ஓட்டிட்டு வந்து ஆஃப் பண்ணி அஞ்சுல இருந்து பத்து நிமிஷம் விட்டுட்டு பாக்கலாம். எதுவா இருந்தாலும் எப்பவும் ஒரே முறையில பாருங்க, அப்பதான் போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் ஒப்பிட முடியும்.

தரை சமமா இருக்கணும். வாசல்ல சறுக்குப் பாதையில முன் சக்கரம் ஏத்தி நிறுத்திட்டு பாத்தா கணக்கு தப்பிடும்.

குச்சிய இழுங்க, துணியில சுத்தமா துடைங்க, திரும்ப முழுசா கடைசி வரைக்கும் உள்ள தள்ளுங்க, மறுபடியும் இழுத்துப் பாருங்க. முதல் தடவை இழுக்கும்போது தெரியுற அளவ நம்பாதீங்க, குழாய் ஓரத்துல ஒட்டுன ஆயில் குச்சி பூரா பூசிக்கிட்டு வரும். குச்சிய கீழ் பாத்த மாதிரியே பிடிங்க, தலைகீழா தூக்கிப் பிடிச்சா ஆயில் வழிஞ்சு மேக்ஸ் (MAX, அதிகபட்ச அளவு) கோடு வரைக்கும் இருக்கிற மாதிரி ஏமாத்தும். இது சின்ன விஷயமா தெரியும், ஆனா பத்துல ஆறு பேர் இப்படித்தான் பாக்குறாங்க, "ஃபுல்லா இருக்குண்ணா"ன்னு வேற சொல்லுவாங்க.

குச்சியில இருக்கிற மின் (MIN, குறைஞ்சபட்ச அளவு) கோட்டுக்கும் மேக்ஸ் கோட்டுக்கும் நடுவுல நிறைய கார்ல கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பிடிக்கும், சின்ன வண்டியில கொஞ்சம் கம்மி. சின்ன பெட்ரோல் காருக்கு மொத்த ஆயிலே மூணு லிட்டர் பக்கம்தான், அதுல ஒரு லிட்டர் போச்சுன்னா மூணுல ஒரு பங்கு போச்சுன்னு அர்த்தம். சமதரையில ஓமலூர் வரைக்கும் போய்ட்டு வர்றதுக்கு மின்ல இருந்தா ஓடும். மலைக்கு பத்தாது. சம்புல ஒரு இடத்துலதான் ஆயில உறிஞ்சுற வடிகட்டி இருக்கு, வண்டி மூக்கத் தூக்கி ஏறும்போதும் கொண்டை ஊசி வளைவுல திரும்பும்போதும் ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கும், அளவு கம்மியா இருந்தா வடிகட்டி காத்த உறிஞ்சும். ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, சேலத்துல இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறணும், ரெண்டாவது கியர்ல அதிக ஆர்பிஎம்ல (இன்ஜின் சுத்துற வேகம்). எங்க கணக்கு, மலைக்குப் போற அன்னைக்கு குச்சியில பாதிக்கு மேல இருக்கணும்.

கலரப் பாத்து ஆயில் நல்லாருக்கு கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, டீசல்ல மாத்துன மறுநாளே கருப்பாயிடும். ஆனா டீயில பால் கலந்த மாதிரி வெளுத்து இருந்தா கூலண்ட் கலந்திருக்கலாம், வண்டிய எடுக்காதீங்க. அளவு ஏறிக்கிட்டே போகுது, மோந்து பாத்தா டீசல் வாசம் அடிக்குதுன்னா அதுவும் பட்டறைக்குப் போற கேஸ்தான், ஏன்னா டீசல் கலந்து ஆயில் தண்ணியாயிடும்.

4. ஊத்துறது

முதல்ல கால் லிட்டர். ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க, இறங்கட்டும். குச்சி பாருங்க. பத்தலைன்னா இன்னொரு கால் லிட்டர். மேக்ஸுக்கு கொஞ்சம் கீழ நிறுத்துங்க. ஒரே மூச்சுல ஒரு டப்பாவ கவுத்துறவங்க இருக்காங்க, அளவு மிஞ்சினா கிராங்கு ஆயில அடிச்சு நுரையாக்கும், நுரையில காத்துதான் இருக்கும், பம்பு அதத் தள்ளினா பிரஷர் கிடைக்காது. கம்மியா இருந்தா என்ன ஆகுமோ அதேதான் அதிகமா ஊத்தினாலும் ஆகும். மிஞ்சிப் போச்சுன்னா கீழ சம்புல இருக்கிற ட்ரெயின் போல்ட்ட (ஆயில வடிக்கிற போல்ட்) லூஸ் பண்ணி எடுத்துடணும், "ஓட ஓட குறைஞ்சிடும்"னு விட்டா சீல் வழியா வெளிய தள்ளும்.

ஊத்துற வாய் எதுன்னு மூடியில எண்ணெய் கெண்டி படம் போட்டிருக்கும். கூலண்ட் டேங்குல ஆயில் ஊத்துன ஒரு தம்பிய பாத்திருக்கேன், பாவம் ரேடியேட்டர்ல இருந்து எல்லாத்தையும் கழட்டி கழுவ வேண்டியதாப் போச்சு. அப்புறம் மூடிய மறக்காம போடுங்க. மூடிய பேட்டரி மேல வச்சுட்டு பேனட்ட சாத்திட்டா பத்து கிலோமீட்டர்ல இன்ஜின் ரூம் பூரா ஆயில் அடிச்சிருக்கும்.

5. குறைஞ்ச ஆயில் எங்க போச்சு

ஊத்தியாச்சு, வேலை முடிஞ்சதுன்னு விடாதீங்க. ஒண்ணு ஒழுகியிருக்கணும், இல்ல எரிஞ்சிருக்கணும்.

ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு அட்டைப்பெட்டிய பிரிச்சு விரிச்சு வைங்க. காலையில சொட்டு எங்க விழுந்திருக்குன்னு பாத்தா டேப்பட் கவர் (இன்ஜினோட மேல் மூடி) பேக்கிங்கா, ஃபில்டரா, ட்ரெயின் போல்ட்டா, கிராங்க் சீலான்னு பாதி தெரிஞ்சிடும். ட்ரெயின் போல்ட்டுக்கு ஒரு வாஷர் உண்டு, சர்வீஸ் பண்ணும்போது புதுசு போடணும். என் இன்ஜின் போனது அதனாலதான். ஆயில் மாத்துன எடத்துல பழைய வாஷரையே திரும்பப் போட்டுட்டாங்க, சொட்டு சொட்டா பத்து நாள், நான் குச்சிய ஒரு தடவை கூட பாக்கல. சர்வீஸ் விட்டு எடுத்தா மறுநாள் காலையில குச்சியும் பாருங்க, தரையும் பாருங்க.

ஒழுகல் இல்லாம குறைஞ்சா சைலன்சர் புகைய பாருங்க. மலை இறங்கி வந்து அடிவாரத்துல ஆக்சிலேட்டர் குடுக்கும்போது குப்புன்னு நீலப் புகை வந்தா வால்வு சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம், ஏன்னா கியர்ல வச்சு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு இறங்கும்போது இன்ஜின் உள்ள உறிஞ்சுற இழுப்பு ஜாஸ்தி, அது ஆயிலையும் சேத்து உள்ள இழுத்துக்கும். ஏறும்போது தொடர்ந்து நீலப் புகைன்னா பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கும்.

கொஞ்சம் ஆயில் குடிக்கிறது சகஜம்தான், சில கம்பெனி மேனுவல்லயே 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரைக்கும் தப்பில்லன்னு போட்டிருக்கான். 10,000 கிலோமீட்டர்ல சர்வீஸ், அதுவரைக்கும் பேனட்டே தூக்க வேணாம்னு இருக்கிறவங்களுக்கு அந்தக் கணக்க நீங்களே போட்டுக் காட்டுங்க.

6. மலையில சிவப்பு லைட்டு எரிஞ்சா

இந்த வரிசைய மாத்தாதீங்க.

முதல்ல ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுங்க, ஹஸார்டு லைட்ட போடுங்க, கண்ணுக்குத் தெரியுற முதல் பாதுகாப்பான ஓரத்துல ஒதுக்குங்க. நான் சொல்றது பத்து இருபது செகண்டு. "அடுத்த வளைவு தாண்டி வியூ பாயிண்ட் இருக்கு, அங்க நிறுத்திக்கலாம்" கிடையாது. வளைவுக்கு உள்ள மட்டும் நிறுத்தாதீங்க, பஸ்ஸுக்கு திரும்ப முழு ரோடும் வேணும்.

நின்னதும் உடனே இன்ஜின் ஆஃப். டர்போ வண்டிய ஒரு நிமிஷம் ஐட்லிங்ல (ஆக்சிலேட்டர் குடுக்காம சும்மா ஓட) விட்டு ஆஃப் பண்ணணும்னு கத்துக்கிட்டிருப்பீங்க, சிவப்பு லைட்டு எரியும்போது அது செல்லாது.

ஹேண்ட் பிரேக், ஏத்தத்துல நின்னா முதல் கியர், இறக்கத்துல நின்னா ரிவர்ஸ் கியர், சக்கரத்துக்கு கட்டை. கட்டை இல்லாம ரோட்டோரக் கல்ல வச்சீங்கன்னா கிளம்பும்போது அத எடுத்து ஓரமா போட்டுட்டுப் போங்க, ராத்திரி பைக்குல வர்றவன் அதுலதான் ஏறுவான். ரிஃப்ளெக்டர வளைவுக்கு முன்னாடியே தெரியுற மாதிரி தள்ளி வைங்க.

அப்புறம்தான் பேனட்டு. இங்க ஒரு பெரிய தப்பு நடக்கும், சூடாயிடுச்சுன்னு நினைச்சு ரேடியேட்டர் மூடிய திறக்குறது இல்ல இன்ஜின் மேல தண்ணி ஊத்துறது. இது டெம்பரேச்சர் லைட்டு இல்லைங்க. மூடிய திறந்தா கை முகம் வெந்துடும், சூட்டு இரும்புல பச்சத்தண்ணி பட்டா விரிசல் விடலாம்.

பத்து நிமிஷம் விட்டு குச்சி பாருங்க. குனிஞ்சு அடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. ரோடு சாய்வா இருக்கிறதால குச்சி துல்லியமா காட்டாதுதான், ஆனா நமக்கு இப்ப தெரிய வேண்டியது குச்சியில ஆயில் ஒட்டுதா இல்லையாங்கிறது மட்டும்தான்.

கோடை விழா சமயத்துல நெரிசல்ல நிக்கும்போது லைட்டு மினுக் மினுக்குன்னு எரியும், ஆக்சிலேட்டர் குடுத்தா அணையும். சூடான ஆயில் தண்ணியா இருக்கும், ஐட்லிங்ல பம்பும் மெதுவா சுத்தும், அதனால பிரஷர் அங்கதான் முதல்ல விழும். "ஏதோ சென்சார் கோளாறு"ன்னு நான் மூணு கிலோமீட்டர் ஓட்டுனது இத வச்சுத்தான். சென்சார் கெடுறது உண்டு, ஆனா அத இன்ஜின ஓட்டிப் பாத்து கண்டுபிடிக்கக் கூடாது.

7. "இறக்கம்தானே, உருட்டிக்கிட்டு போயிடலாம்"

இதுக்குன்னு தனியா எழுதணும்னு தோணுச்சு. இன்ஜின ஆஃப் பண்ணி நியூட்ரல்ல அடிவாரம் வரைக்கும் இறக்கிடலாம்னு ஐடியா குடுக்க எல்லா வளைவுலயும் ஒரு ஆள் நிப்பாரு. இன்ஜின் ஓடலைன்னா பிரேக் பூஸ்டருக்கு (பெடல லேசா மிதிச்சாலே பிடிக்க வைக்கிறது) வேக்கம் கிடையாது, ரெண்டு மூணு தடவை மிதிச்சதும் பெடல் கல்லு மாதிரி ஆயிடும், பவர் ஸ்டீயரிங் இறுகிடும், சாவி தவறி லாக் பக்கம் திரும்பி வெளிய வந்துட்டா ஸ்டீயரிங் லாக்கே விழலாம். சரி, கியர்ல போட்டு இறங்கலாம்னா, சாவி ஆஃப்ல இருந்தாலும் சக்கரம் இன்ஜின சுத்திக்கிட்டேதான் இருக்கும், ஆயில் இல்லாத பேரிங்கு அப்பவும் தேயும். ரெண்டு வழியும் அடைச்சாச்சு. நின்ன இடத்துலயே நில்லுங்க.

8. ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்றது

குச்சியில மின்னுக்கு வந்துடுச்சு, கீழ கொட்டல, அப்படின்னா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம். கிரேடு வேற ஆயில்தான் கிடைக்குதுன்னா அவசரத்துக்கு அதையே ஊத்துங்க, கீழ போய் மாத்திக்கலாம், ஆயிலே இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல்.

ஆக்சிலேட்டர் தொடாம ஸ்டார்ட். அஞ்சு செகண்டுக்குள்ள லைட்டு அணையணும். அணையலைன்னா ஆஃப், அவ்வளவுதான், ரெண்டாவது முயற்சி கிடையாது. அணைஞ்சதுன்னா வெளிய ஒருத்தர நிக்க வச்சு சத்தம் கேக்கச் சொல்லுங்க. மேல இருந்து டிக் டிக்னு லேசா வந்து அரை நிமிஷத்துல அடங்கினா டேப்பட் சத்தம், ஆயில் போய்ச் சேர்ந்ததும் நிக்கும். அடியில இருந்து டொக் டொக்னு சுத்தியல்ல தட்டுற மாதிரி வந்து, லேசா ஆக்சிலேட்டர் குடுத்தா கூடவே வேகமானா கன்ராடு (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற தண்டு) பேரிங் போயிடுச்சு. உடனே ஆஃப்.

சத்தம் இல்லைன்னா ஏசிய ஆஃப் பண்ணிட்டு மெதுவா பக்கத்து பட்டறை வரைக்கும் மட்டும் போங்க. ட்ரிப்ப தொடராதீங்க.

ஸ்டார்ட்டர் போட்டா டக்குன்னு ஒரு சத்தம், இன்ஜின் சுத்தவே இல்லைன்னா பேட்டரியா இருக்கலாம், இன்ஜின் சீஸ் ஆகி ஜாமாவும் இருக்கலாம். சிவப்பு லைட்டு எரிஞ்சதுக்கு அப்புறம் இப்படி ஆச்சுன்னா ஜாம்னே வச்சுக்கோங்க. தள்ளி ஸ்டார்ட் பண்ண நாலு பேர் ஓடி வருவாங்க, வேணாம்னு சொல்லுங்க, லேசா புடிச்ச இன்ஜின வலுக்கட்டாயமா சுத்தினா கன்ராடு உடைஞ்சு பிளாக்கையே குத்திக்கிட்டு வெளிய வரும்.

9. வண்டிய கீழ கொண்டு வர்றது

கயிறு கட்டி இழுக்காதீங்க, இந்த ரோட்டுல வேண்டவே வேண்டாம், பிரேக் சரியா பிடிக்காத வண்டி பின்னாடி தொங்கிக்கிட்டு வரும். தட்டு வண்டியில (ஃப்ளாட்பெட் ரெக்கவரி வண்டி) ஏத்திக் கொண்டு வாங்க. சில வளைவுல போன் சிக்னல் இருக்காது, அதனால ரோட்சைடு அசிஸ்டன்ஸ் நம்பர் காகிதத்துல எழுதி வண்டியில இருக்கட்டும், மேல போற பஸ்ல ஒரு ஆள ஏத்தி விட்டு போன் பண்ணச் சொல்லலாம்.

இன்சூரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை. சாதாரண பாலிசியில மெக்கானிக்கல் பிரேக்டவுன் வராது. இன்ஜின் ப்ரொடக்ட்னு தனி ஆட்-ஆன் இருந்து, கல்லுல அடிபட்டு சம்பு உடைஞ்சு ஆயில் கொட்டுன மாதிரி கேஸ்னா கேக்கலாம். அடிபட்டது தெரிஞ்சும் ஓட்டுனீங்கன்னா அங்கயே மறுக்க காரணம் கிடைச்சிடும். அதனால நின்ன இடத்துல, வண்டிய நகர்த்துறதுக்கு முன்னாடி, கொட்டுன ஆயில், உடைஞ்ச சம்பு, கிலோமீட்டர் மீட்டர் மூணையும் போட்டோ எடுங்க.

10. பட்டறையில

எடுத்ததுமே "ஃபுல் இன்ஜின் வேலை சார்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. முதல்ல பிரஷர் சுவிட்ச (சிவப்பு லைட்ட எரிய வைக்கிற சென்சார்) கழட்டிட்டு அந்த ஓட்டையில கேஜ் மாட்டி பிரஷர் பாக்கச் சொல்லுங்க (சத்தம் வந்த வண்டின்னா இது வேணாம், ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது). அடுத்து சம்ப இறக்கி, ஆயில்ல ஜிகினா மாதிரி இரும்புத் துகள் மின்னுதா, வடிகட்டியில சேறு அடைச்சிருக்கான்னு பாக்கணும். அதுக்கப்புறம் கன்ராடு கேப்ப ஒண்ணொண்ணா கழட்டி பேரிங்க உங்க கண்ணு முன்னாடி காட்டணும். கூடவே நில்லுங்க.

பேரிங்ல கோடு விழுந்து கிராங்கும் கீறியிருந்தா லேத்துல கிரைண்டிங் பண்ணி அண்டர்சைஸ் பேரிங் (சன்னமான கிராங்குக்கு ஏத்த பேரிங்) போடலாம். கிராங்கு நீலமா கருகியிருந்தா அத நம்பி வேலை பாக்குறதுல எனக்கு உடன்பாடு இல்ல. செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வைக்கலாம்னு சொல்லுவாங்க, சில சமயம் அதுதான் கணக்குக்கு சரியா வரும், ஆனா இன்ஜின் நம்பர் மாறுது, ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்சியில ஏத்தணும், பழைய ஓனரோட பேப்பர் இல்லாத இன்ஜின தொடாதீங்க.

எனக்கு அப்ப 62,000 ஆச்சு, அதுல ஒரு தடவை வேலை பாத்தது வீணாப் போனது வேற. புது பேரிங் போட்டாங்க, ஆனா பழைய துகள் இருந்த ஆயில் வழியெல்லாம் கழுவல, பம்பையும் மாத்தல, ஒரு மாசத்துல திரும்ப டொக் டொக். கிராங்குல இருக்கிற ஆயில் ஓட்டை, பிளாக் வழி, ஆயில் கூலர் எல்லாம் ஏர் அடிச்சு கழுவினாங்களான்னு கேளுங்க, பம்பு புதுசான்னு கேளுங்க.

மாட்டி முடிச்சதும் இன்ஜின் பத்திக்காத மாதிரி ஃபியூயல கட் பண்ணிட்டு வெறும் ஸ்டார்ட்டர்ல விட்டு விட்டு சுத்தி லைட்டு அணைஞ்ச பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும். முதல் 1,000 கிலோமீட்டர்ல ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க, அதுவரைக்கும் தினமும் குச்சி பாருங்க, மலைப் பக்கம் போக வேணாம்.